கிடங்கில் இப்போது பூனை இல்லை

இளம்பிள்ளை
10.12.1984

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை சுவாமிநாதனுக்கு மாமனார் கைலாசம் எழுதுவது. அங்கே நலமாக இருப்பீர்கள். இங்கே நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உங்கள் ரத்தத்தில் குறை இல்லை. என் மகள் ராமாத்தாளுக்கு அது வந்ததும், அவள் வழியாகப் பேத்திக்குப் போனதும் என்னிடமிருந்துதான்.

ஆடியில் சங்க மண்டபத்துப் பந்தியில், "அவங்க ரத்தம் கெட்டதுங்க, பழிய எம் பொண்ணு தலையில கட்டறாங்க" என்று இருநூறு பேர் காதில் விழக் கத்தியவன் நான். அதற்குப் பிறகும் நீங்கள் ரயிலேறி வந்து டாக்டரம்மாவிடம் கையை நீட்டினீர்கள். என்னைக் கேட்டபோது நான் சிரித்தேன். "சேலை மூட்டையோட ஓமலூர் வரைக்கும் சைக்கிள் மிதிச்சவனுங்க, எனக்கெதுக்குங்க ஊசி?" என்றேன். "தெம்பா இருக்கறவங்க கிட்டயும் இருக்கும், ஒக்காருங்க" என்றார் அந்த அம்மா.

மனிதனுக்கு நாற்பத்தாறு குரோமோசோமாம். பிள்ளைக்கு ஐந்தாவதில் நுனி இல்லை. எனக்கும் அந்த நுனி உடைந்ததுதான், ஆனால் வேறொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் நெசவுத் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். ஒரு பாவின் இழைகள் பக்கத்துப் பாவில் ஏறிவிட்டன. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்வரை கணக்கு சரி. குறைந்த பாவு மட்டும் பிள்ளைக்குப் போனால் குறைதான். பிறகு இழை சேர்க்க மருந்து கிடையாது.

பால் புரையேறாமல் நிமிர்த்திப் பிடித்துக் கரண்டியில் ஊட்டுகிறோம். இதயத்தை மாதாமாதம் பார்க்கச் சொன்னார்கள். கைகால்களுக்குத் தினமும் பயிற்சி உண்டு. நடப்பாளா என்று கேட்டேன். நாளாகும், நடக்கலாம், பேச்சு கொஞ்சம்தான் வரும் என்றார்கள். அடுத்த பிள்ளை நன்றாகவும் பிறக்கலாம், இப்படியும் பிறக்கலாம். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போக வேண்டும்.

பிள்ளை பூனைக்குட்டி போல அழுவது தொண்டைக்குழியின் அமைப்பினாலாம். உங்கள் அம்மா, "மாசமா இருக்கறவள பூனை தாண்டின ஊடு" என்று சொல்லித்தான் இருவரையும் இங்கே விட்டுப் போனார். நானும் அதை நம்பினேன். நூல் கிடங்கில் குட்டி போட்ட பூனையைக் குட்டிகளோடு சாக்கில் கட்டி, ஜேடர்பாளையம் போன லாரியில் ஏற்றி, ஆற்றுக்கு அக்கரையில் விடச் சொன்னேன். இப்போது எலி நூலைக் கடிக்கிறது. பிள்ளை அதே குரலில்தான் அழுகிறாள்.

சின்னவள் கமலவேணிக்கும் இது பாதிக்குப் பாதி இருக்கலாமாம். கறைபட்ட மடிப்பை உள்ளே வைத்துச் சேலை விற்றவன்தான் நான், ஒப்புக்கொள்கிறேன். பெண்ணை அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை. அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

போன திங்கட்கிழமை உங்கள் மாமா கந்தவேல் பேச வந்தார். பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் அனுப்பச் சொன்னார். ராமாத்தாள் உள்ளே இருந்தபடியே, "நான் வாரேனுங்க, எம் பிள்ளையும் வாரா" என்றாள். சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன்.

நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் மாப்பிள்ளை. என் வாயிலிருந்து வந்தது உங்கள் மேல் ஒட்டாமல் போகட்டும்.

நாங்கள் முடிவு செய்தது இது: தை அமாவாசையன்று அதே மண்டபத்தில், பந்தி நடக்கும்போதே, குறை என்னுடையது என்று நான் எழுந்து சொல்வேன். மாதாமாதம் முதல் திங்கட்கிழமை நீங்கள் சேலத்துக்கு வந்து, பிள்ளையை உங்கள் கையால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். அங்குள்ள சீட்டில் தகப்பன் பெயர் உங்கள் பெயராகவே இருக்கும். பெங்களூருக்குக் கூப்பிடும் நாளில் தாய், பிள்ளை இருவரையும் கூப்பிட வேண்டும். ஒருத்தியை மட்டும் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
கைலாசம்