இடது இறக்கைக்குள் வைத்த டேங்க்

மூலக்குளம்,
புதுச்சேரி.
நவம்பர் 23, ஞாயிறு

அன்பு மகள் மஹீராவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். அங்கே துலூஸில் குளிர் தொடங்கியிருக்கும், நீ காதை மூடாமல் வெளியே போவாய், சொன்னால் கேட்கவா போகிறாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் இப்போது ஏன் பேப்பரைத் தேடினார் என்று கேட்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பேனாவைத் திட்டிக்கொள்.

பத்து நாளாக மழை விடவில்லை. கொல்லையில் ஷெட்டுத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, நாம் கட்டிக்கொண்டிருக்கிற விமானத்துக்குத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறேன். துணி காய இடமில்லை என்று உன் அம்மா வலது இறக்கையின் மேல் என் லுங்கியைப் போட்டிருந்தாள், இது என்ன கொடிக்கயிறா என்று கேட்டதற்கு நாலு வருஷத்தில் இது வேறு எதற்குப் பயன்பட்டது என்று திருப்பிக் கேட்டாள், லுங்கியை அங்கேயே விட்டுவிட்டேன். உன் சித்தி மகள் இஃப்ஃபத்துக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் ஒருவரும் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை, பாய் ஏரோபிளேன் எப்போது பறக்கும் என்றே கேட்டார்கள். அங்கே விமானம் ஓட்டப் படித்த மஹீரா ஜனவரியில் வந்து ஓட்டுவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவன் நான்தானே. பக்கத்து வீட்டு கஸ்தோன் ஐயா பிரெஞ்சு பென்ஷன்காரர், வேலை ஒன்றும் கிடையாது, தினமும் காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ப்ராவோ ப்ராவோ என்பார். இந்த வாரம் அவரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் பெட்ரோல் டேங்க். நாம் வாங்கிய வரைபடத்தில் இரண்டு இறக்கைக்குள்ளும் ஒவ்வொரு அலுமினிய டேங்க் என்றுதான் போட்டிருந்தது. ஃபைபரில் செய்கிறேன், எடை குறையும், வெல்டிங் மூட்டே இல்லாததால் ஒழுகாது என்று ஜூலையில் உன்னிடம் பெரிய மேதாவி போலப் பேசினேன். ஃபைபரை இறுக்க என்ன பிசின் அத்தா என்று நீ ஒரு தடவை கேட்டாய், நல்ல பிசின் என்றேன். முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயும் விட்டுவிட்டாய். வைத்திக்குப்பத்தில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் கலியமூர்த்திதான் இரண்டையும் செய்து கொடுத்தான், கண்ணாடி மாதிரி வழவழவென்று அவ்வளவு அழகு. டேங்க்கின் ஓட்டைகளை அடைத்து, ஒரு குழாயில் பலூனைக் கட்டிக் காற்றடித்து வைத்தோம், மூன்று நாளும் பலூன் சுருங்கவில்லை. உன் அம்மா கொல்லைப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, இன்னும் நிற்கிறது என்று சேதி சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சந்தோஷத்தில் இடது டேங்க்கை இறக்கைக்குள் வைத்து ஒட்டி, மேல் தகட்டையும் ரிவிட் அடித்து மூடிவிட்டேன். உனக்குப் போட்டோ அனுப்பினேனே, அன்றைக்குத்தான் நீ டிக்கெட் போட்டாய்.

வலது டேங்க் மேஜை மேலேயே இருந்தது. அதில் பங்க் பெட்ரோலை ஊற்றி வைத்துப் பார்ப்போம் என்று பத்து லிட்டர் ஊற்றி மூடினேன், மழையில் அதை மறந்தும் போனேன். போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா மேஜையைத் துடைக்க வந்தவள் டேங்க்கைத் தொட்டுவிட்டு, இது என்ன அல்வா மாதிரி இருக்கிறது என்றாள். விரலால் அழுத்தினேன், விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. பெட்ரோலை வடித்தால் டிகாக்ஷன் நிறத்தில் பிசுபிசுவென்று வருகிறது. கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன், வந்து தடவிப் பார்த்து விரலை மோந்தான். அப்புறம், "எங்க போட்டுல டீசல்தான் பாய் ஊத்துவாங்க, இருவது வருசமா ஒண்ணும் ஆனதில்ல. இந்தப் பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்களாமே, அது இந்தப் பிசினத் தின்னும்னு எனக்குத் தெரியாதே" என்றான். அவன்மேல் தப்பில்லை. எத்தனால் கலந்தது என்று அந்தப் பங்க்கில் எழுதியே ஒட்டியிருக்கிறான், அதன் கீழே நின்றுதான் நான் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிறேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். இந்த ஐந்து நாளாக உன்னிடம் மறைத்தேன். புதன்கிழமை நீ கேட்டபோதுகூட டேங்க் ஜோர் என்றேன். உள்ளே பூசுகிற பெயின்ட் ஒன்று இருக்கிறதாம், அதை ஊற்றி இறக்கையைப் புரட்டி எடுத்தால் போதும், ஒரு அரைமணி நேரம் தாங்காதா, மஹீரா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கட்டும், அவள் போன பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பிசின் கரைந்து குழாயில் அடைத்தால் பாதி வானத்தில் இன்ஜின் நின்றுவிடும் என்று தெரிந்தேதான் போட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிடும்போது உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அதுல ஒக்காரப் போறது நீங்களா, நானா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவிவிட்டேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, மகளே.

நேற்று காலை ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் துளை போட்டு எடுத்துத் தகட்டைப் பிரித்தேன். டேங்க் ஒட்டிய இடம் விடவில்லை, கலியமூர்த்தியும் நானும் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தோம், இறக்கையின் இரண்டு குறுக்குச் சட்டமும் கூடவே போயிற்று. இப்போது அது வயிறு கிழிந்து கிடக்கிறது. ஜனவரியில் விமானம் பறக்காது. அடுத்த ஜனவரியிலும் பறக்குமா என்று தெரியவில்லை, எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, ரொம்ப அசந்து போயிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபருக்கு நான் போனது எடைக்காக இல்லை. மே மாதத்திலேயே அலுமினியத் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் ஓட்டை விழுந்துவிட்டது. வலது கை நடுங்குகிறது. டார்ச் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இத்தனை வருஷம் பட்டறை வைத்திருந்தவன் இதை எப்படிச் சொல்வது, அதனால் ஃபைபர்தான் உசத்தி என்று உன்னிடம் பேசினேன். பேனா நல்ல பேனாதான். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன், நீ போனில் அழக் கூடாது.

டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. ஓட்ட விமானம் இல்லையே, எதற்கு வர வேண்டும் என்று நினைத்துவிடாதே. ஷெட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த மரக்கலர் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறைவில்லாத சுகத்தையும் தருவான், ஐந்து வேளையும் அதைத்தான் கேட்கிறேன். கை விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே என்று எழுதத்தான் இந்த வரியை ஆரம்பித்தேன். இப்போது அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், பார்க்கிறேன், சிந்தாதபடி பாதி டம்ளர்தான் இருக்கிறது. யோசித்தால் மே மாதத்திலிருந்தே எனக்குப் பாதி டம்ளர்தான் வருகிறது.

உன் அத்தா,
அன்வருதீன்