உன் ரேடியோப் பையைக் கட்டிக் கொடுத்தேன்

தம்பி,

போன வாரம் பீரோவின் அடித்தட்டிலிருந்து உன் ரேடியோப் பையை வெளியே இழுத்தேன். ஜிப்பைத் திறந்ததும், நீ கம்பிகளைப் பற்றவைக்கிற சால்டர் மெழுகின் வாசனை வந்தது, கூடவே காய்ந்த சேற்றின் வாசனையும். போன வருடப் புயலில் நீ மிதித்து வந்த சேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வருடமாக அந்தப் பையை நான் தொடவில்லை. உன்னைப் போல லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் பேசுகிற உன் கூட்டாளிகள் இரண்டு முறை வந்து அதிலிருந்த ரேடியோ செட்டைக் கேட்டார்கள். "என் தம்பிய முழுங்குன சனியன் அது. இருட்டுலயே கெடக்கட்டும்" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வாய் டீ கூடக் கொடுக்கவில்லை. தனியாக இருக்கும்போது அந்தச் செட்டை வாய் வலிக்கும் வரை திட்டிவிட்டு உலை வைக்கப் போவேன்.

முன்பு எனக்கு அதன் மேல் கோபமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீ கொள்ளிடக் கரைக்குக் கிளம்பினால் பை கட்டுவது நான்தானே. "முதல்ல எடுக்கறது கடைசியா உள்ள போகணும்க்கா" என்பாய். அடியில் பேட்டரி, அதன் முனைகள் எதிலும் உரசாமல் சைக்கிள் டியூப் சுற்றி. என் பழைய சேலைத் துண்டில் பொதிந்த செட்டு. அதன் மேல் ஏரியல் கம்பி. எல்லாவற்றுக்கும் மேலே, கம்பியை மரக்கிளையில் ஏற்றுகிற நைலான் கயிறு. சேதி குறித்துக்கொள்ள, மழையில் மை கரையும் என்று பேனா வைக்க விடமாட்டாய், பென்சில்தான்.

ஒரு தடவை, "நானே கட்டிக்கறேன், நீ தூங்கு" என்று பெரிய மனிதனாகக் கிளம்பினாய். மைக்கை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய், பொழுது முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தாய். "என்னடா, இன்னிக்கு மௌன விரதமா?" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாய். பாதிச் சோற்றில் நீயே சிரித்துவிட்டாய்.

போன வருடம் புயல் அடித்த மறுநாள் கடலோர ஊர்களில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. நிவாரண முகாமிலிருந்து சேதி சொல்ல ஆள் வேண்டும் என்று பையைத் தோளில் மாட்டினாய். சம்பா நட்ட வயலெல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. "ஒனக்கென்னடா தலையெழுத்து?" என்று வாசலை மறித்தேன். "டவர் வர்ற வரைக்கும்தான்க்கா, வந்துடறேன்" என்று என் கையை மெல்ல விலக்கிவிட்டுப் போனாய்.

வந்தாய். பிரசவ வலி கண்டவளுக்குப் படகு வரவழைத்ததை, சர்க்கரை ஊசி தீர்ந்துபோன பெரியவருக்கு மருந்து கேட்டு வாங்கியதை வாய் ஓயாமல் சொன்னாய். குதிகாலில் தகரம் கீறியதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் காயத்தோடுதான் வெள்ளத்தில் நடந்திருக்கிறாய். காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள், வெள்ளத்து அழுக்கு காயம் வழியாக உள்ளே போனதாம். கிட்னி போய்விட்டது என்று டாக்டர் என்னிடம் சொன்னபோது, நீ காதில் விழாதது போலச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் அழுவதைப் பார்க்க வேண்டாம் என்றுதானே?

இந்த வருடமும் கடலில் புயல் கிளம்பியது. நாகப்பட்டினத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். உன் கூட்டாளிகளில் ஒருத்தி, கும்பகோணத்து சுமதி, போன் செய்தாள். "திட்டினாலும் பரவால்லக்கா. ரெண்டு ஊருக்கு எங்ககிட்ட செட்டு இருக்கு, மூணாவது ஊருக்கு இல்ல. அங்க நான்தான் போறேன்." பின்னால் அவள் குழந்தை எதற்கோ சிணுங்கும் சத்தம் கேட்டது.

கொடுக்காவிட்டால் அந்த ஊர் வாயில்லாமல் கிடக்கும். கொடுத்தால் இன்னொருத்தியை நானே அந்தத் தண்ணீருக்குள் அனுப்புகிறேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"ஒன் கால் சைஸ் என்னம்மா?"

"ஏழுக்கா. எதுக்கு?"

"வா, சொல்றேன்."

வலங்கைமான் கடைத்தெருவுக்குப் போய் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தேன். பிறகுதான் பையைக் கட்டினேன். கைக்கு வரிசை மறக்கவில்லை. சுமதி வந்ததும் பூட்ஸை முன்னால் வைத்தேன்.

"சேத்துல மாட்டிக்கும்க்கா" என்றாள்.

"மாட்டட்டும். போட்டுக்கிட்டாத்தான் பை. நடுவுல நீ கழட்டினேன்னு தெரிஞ்சுது, அங்கயே வந்து செட்டப் புடுங்கிடுவேன்."

சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். அவள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே காற்று ஊளையிட்டது. அவள் பிள்ளை முகம் கூட நான் பார்த்ததில்லை, அதை நினைத்தே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று திரும்பி வந்தாள். "செட்டு நல்லாப் பேசுச்சுக்கா. மூணு பேர ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சோம்" என்றாள். நான் செட்டைப் பார்க்கவில்லை. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பூட்ஸை உருவி, இரண்டு காலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரலிடுக்கு, குதிகால் எல்லாம். ஒரு கீறல் இல்லை. "என்னக்கா, கூச்சமா இருக்கு" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

பையை அவளிடமே கொடுத்து அனுப்பிவிட்டேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்து வரும்போதுதான் உறைத்தது. அதே செட்டு, அதே தண்ணீர், அவள் முழுசாக வந்து நிற்கிறாள். செட்டு உன்னைக் கொல்லவில்லையடா.

ஆனால் கோபம் போகவில்லை. அப்படியே நெஞ்சில் கிடக்கிறது. ஒரு வருடமாக அந்தச் செட்டைத் திட்டித்தான் நாளை ஓட்டினேன். இனி நான் யாரைத் திட்டுவேன், சொல்லு.

அக்கா