ஒரு வேலையும் செய்யாத பதினொரு பெண்கள்

கீழத்துறை,
முத்துப்பேட்டை வழி.
16.6.2008

அன்பு மகன் ஹம்தானுக்கு உம்மா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் வாப்பாவும் நானும் உன் தங்கச்சி அனீஸாவும் இருக்கிறோம். ஷார்ஜா வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் வீட்டில் எப்போதும் பேச்சு. இங்கேயும் வெயில் குறையவில்லை. மேட்டூர் திறந்து நாலு நாள் ஆகியும் நம்ம கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை, வாய்க்காலில் ஆடு மேய்கிறது. அனீஸாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நாள் பூரா என்னை அதிகாரம் பண்ணுவதுதான் அவளுக்கு இப்போது வேலை.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, அலையாத்திக் காட்டுப் படகுச் சுற்றுலாவை இன்னும் மூணு வருஷத்துக்கு நம்ம ஊர்க்காரர்கள் கையிலேயே விட்டார்கள் என்றால் வேலையை விட்டுவிட்டு வந்து வாப்பாவோடு படகு ஓட்டுகிறேன் என்று, அதை வாப்பா மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன், போனில் சொன்னால் கார்டு தீர்வதற்குள் சொல்லி முடியாது. விஷயம் அவ்வளவு நல்லதாக இல்லை, பதறாமல் படி.

நமக்குப் படகு வாங்கிக் கொடுத்த டிரஸ்டிலிருந்து போன மாசம் வித்யாலக்ஷ்மி என்று ஒரு பொண்ணு வந்தது. இந்தச் சுற்றுலாவில் ஊர் மக்கள் எவ்வளவு தூரம் சேர்ந்து பாடுபடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அளந்து, நூற்றுக்கு மார்க் போடுவது அதன் வேலை. ஐம்பது வந்தால் படகு நம்மிடம், வராவிட்டால் வெளியூர் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஆம்பளைகள் ஒன்பது பேரும் நன்றாகத்தான் பதில் சொன்னார்கள். வாப்பாவோடு படகு ஓட்டுகிற நல்லக்கண்ணு அண்ணனைக் கேட்கவே வேண்டாம், ஒரு நடை போய் வந்தால் பத்து நடைக் கதை சொல்கிற மனுஷர். கெடுத்தது நான்தான்.

அந்தப் பொண்ணு முதலில் நம்ம வீட்டுக்குத்தான் வந்தது. வெயிலில் வாடி வந்த புள்ளை. கவுச்சி சாப்பிடாது என்றதும் அடுப்பைக் கழுவி, பரணிலிருந்து புதுச் சட்டியை இறக்கி, கத்திரிக்காய் போட்டு சாதம் கிளறி, அப்பளம் பொரித்து, நன்னாரி சர்பத் கலந்து கொடுத்து உட்கார வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பேப்பரை எடுத்தது. வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கறீங்க என்று கேட்டது. வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா, வர்றவங்களுக்கு இருக்கிறதைப் போடறோம், அவ்வளவுதான் என்றேன். சிரமம் ஏதும் உண்டா என்றது. வீடு தேடி வந்தவளிடம் சிரமம் என்று யார் சொல்வார்கள், ஒண்ணுமே இல்லை என்றேன். முடிவெல்லாம் யார் எடுக்கறீங்க என்றது, அதெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க என்று வாப்பா பக்கம் கையைக் காட்டினேன். மெஹராஜ் பேகம் நானே அப்படிச் சொன்ன பிறகு, படகுக்கு வருகிறவர்களுக்கு என்னோடு சேர்ந்து ஆக்கிப் போடுகிற மற்ற பத்துப் பொம்பளைகளும் வேறு என்ன சொல்வார்கள்? பூவம்மாள் இருக்கிறாளே, இடுப்பளவு சேற்றில் இறங்கி நண்டு பிடித்துக் கொண்டுவருகிறவள், குழம்புல இன்னும் நாலு நண்டு போடறதெல்லாம் ஒரு வேலையாங்க என்று சிரித்தாளாம்.

போன வாரம் மார்க் வந்தது. முப்பத்தொன்று. பெண்கள் பக்கம் பூராவும் சைபர், பெண்களுக்கு இதில் பங்கு இல்லை என்று எழுதியிருக்கிறது. அந்தப் பொண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன், சொன்னதைத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகைக்கு முன்னாலேயே எழுந்து நாற்பது பேருக்கு ஆக்குவது எந்தப் பேப்பரில் ஏறும்? ஒரு நாளைக்கு நாலு படகுக்கு மேல் விட்டால் பறவைகள் எல்லாம் போய்விடும், பிளாஸ்டிக் பையோடு யாரையும் ஏற்றக் கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தியது நாங்கள் பதினொரு பேர்தான். கடைசிப் படகு கரைக்கு வருகிற வரைக்கும் துறையில் உட்கார்ந்திருப்பதும் நாங்கள்தான்.

வாப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். மறுநாளே பஸ் ஏறிப் போய், யார் யாரிடமோ கெஞ்சி, இன்னொரு தடவை வந்து கேட்கச் சம்மதம் வாங்கி வந்திருக்கிறார். வருகிற இருபத்தைந்தாம் தேதி வருகிறார்கள். அதற்காக அனீஸா வித்யாலக்ஷ்மி மாதிரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எங்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறாள். பூவம்மாள் ஒரு வழியாக வாயைத் திறந்துவிட்டாள். எனக்குத்தான் வரவில்லை. சிரமம் உண்டா என்று பெற்ற மகள் கேட்கிறாள், அவளிடமும் ஒண்ணுமில்லைம்மா என்றுதான் வாயில் வருகிறது. அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். இந்த வயசில் இது என்ன பாடு என்று எனக்கே அலுத்துவிட்டது.

முடிவு தெரிகிற வரைக்கும் ராஜினாமா கொடுக்க வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னார் வாப்பா. எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்வது. நீ போன் பண்ணும்போதெல்லாம், உம்மா கஷ்டமா இருக்கா என்று கேட்பாய், ஒண்ணும் இல்லைடா, நல்லா இருக்கோம் என்பேன். வித்யாலக்ஷ்மிக்குச் சொன்ன அதே பதிலைத்தான் நாலு வருஷமாக உனக்கும் சொல்லி வந்திருக்கிறேன், நீயும் அந்தப் புள்ளை மாதிரி அப்படியே எழுதிக்கொண்டாய். வாப்பாவுக்கு வலது கண் மங்கி எட்டு மாசம் ஆகிறது, படகை நல்லக்கண்ணு அண்ணன்தான் ஓட்டுகிறார், வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆக்கி இறக்கினால் இரண்டு நாளைக்குத் தோளைத் தூக்க முடிவதில்லை, தலை வாரிவிட அனீஸா வேண்டியிருக்கிறது. எனக்கு முடியலை ஹம்தான். சிரமம் உண்டு. மார்க் என்ன வந்தாலும் சரி, நீ வந்துவிடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் கொடுப்பானாக. ஐந்து வேளைத் தொழுகையை விடாதே, வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். வாப்பாவிடம் போனில் பேசும்போது கண்ணைப் பற்றி நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

துஆவுடன்,
உன் உம்மா
மெஹராஜ் பேகம்