ஆசிட் ஊற்றிய பின் ஒரு குளியல்

ஷெட்டின் ஆணியில் உன் ஈரிழைத் துண்டு இன்னும் தொங்குகிறது. இன்று காலை எடுத்து முகர்ந்தேன். அருவிக்குப் போகும்போது நீ தேய்க்கும் எண்ணெயும் காஸ்டிக் சோடாவின் நெடியும் அப்படியே இருந்தன. நீ கண்மூடி ஐந்து மாதம் ஆகிறது. துவைக்க மனம் வரவில்லை.

நம் வேலை என் கையில் கெட்டுக்கொண்டிருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

செங்கோட்டை மரமில்லில் வீணாகக் கிடந்த தூளை நீதான் முதலில் அள்ளி வந்தாய். காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் மரத்தின் நார் தனியே நிற்கும், அதை இறுக்கிப் பிடித்திருந்த லிக்னின் கறுப்புத் தண்ணீராய் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரை இளஞ்சூட்டில் வைத்து ஆசிட் ஊற்றினால் லிக்னின் பழுப்பாய்த் திரளும். அதில் ப்ளைவுட் ஒட்டும் பசை செய்யலாம் என்றாய். தூள் சலிப்பதும் வேகவைப்பதும் என் பாடு, ஆசிட் உன் பாடு. ஊற்றி முடித்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வாய்.

"வாலே, அஞ்சருவிக்குப் போயிட்டு வருவோம். அது தானா திரளட்டும்."

"வேலை நேரத்துல என்னலே குளியலு? நீ போ."

ஒரு நாளும் நான் உன்னோடு வந்ததில்லை. சொகுசுக்காரன் என்று ஆலங்குளம் வரை உன்னை ஏசித் திரிந்தேன். நீ ஈரத் தலையோடு வந்து துணியில் வடிப்பாய். பொடி மணல் மாதிரி உதிரும்.

நான் வடித்தால் கூழாய் நின்று துணியை அடைக்கிறது. கூடக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன், தார் மாதிரி அடியில் பிடித்துக்கொண்டது. ஆறு தடவை இப்படியே. நாளை மதியம் ப்ளைவுட் கம்பெனிக்காரர் பொடியைப் பார்க்க வருகிறார். இந்தத் தடவையும் இல்லையென்றால் இனி வரமாட்டார். கறுப்புத் தண்ணீர் ஒரே ஒரு டிரம்தான் மீதி.

நேற்று உன் வீட்டுக்காரி வந்து வாசலிலேயே நின்றாள். "அண்ணே, அவிய உசுரு இதுலதான் கெடந்துச்சு. பூட்டிராதிய." சரி என்று தலையை ஆட்டினேன்.

அவள் போனதும் உன் நோட்டைப் புரட்டினேன். எல்லாவற்றுக்கும் அளவு எழுதியவன், கடைசி வரியில் "ஆசிட். பிறகு குளியல்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நான் சோம்பல் என்று ஏசிய அந்தக் குளியல்தான் உன் நேர அளவு.

இன்று அந்தக் கடைசி டிரம்மில் ஆசிட்டை ஊற்றிவிட்டு, உன் துண்டோடும் நோட்டோடும் ஐந்தருவிக்கு ஓடி வந்தேன். வெள்ளம் என்று கயிறு கட்டியிருக்கிறார்கள்.

"இன்னைக்கு யாரும் குளிக்க முடியாது அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க" என்றார் போலீஸ்காரர்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, உன் நோட்டின் பின்தாளில் இதை எழுதுகிறேன். அங்கே டிரம் சூட்டில் இருக்கிறது. எண்ணெய் தேய்க்க எவ்வளவு நேரம் எடுப்பாய்? வரிசையில் எவ்வளவு, தண்ணீருக்கடியில் எவ்வளவு? அத்தனை வருடமும் நீ கிளம்பும்போது எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

உன் துண்டு என் தோளில் சாரலில் நனைந்துகொண்டிருக்கிறது. எப்பம்லே நான் திரும்பணும்?