டெலோரஸின் கசகசா கொலாச்சே

அன்புள்ள டேரில்,

இங்கே நானும் அப்பாவும் அக்காவும் சுகம். நாய் மட்டும் கொஞ்சம் மிரண்டுபோயிருக்கிறது, காரணம் கீழே வருகிறது. நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்கிறாய், பத்திரிகையில் வேலை பார்த்த எனக்கு அது செய்தியே இல்லை.

அக்கா ஜோலீன் விஷயம் கேட்டிருந்தாய். ஒமாஹா ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் வலி மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டுப் பிறகு தானே போய் ஒப்புக்கொண்டது உனக்குத் தெரியும். நர்ஸ் லைசென்ஸைப் பறிக்காமல் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். தினமும் காலையில் போனைப் பார்க்க வேண்டும், இன்று உன் முறை என்று வந்தால் ஓடிப்போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். மாத்திரை அலமாரிச் சாவியைத் தொடக்கூடாது, இரவு வேலை கூடாது, வேலை கேட்கிற இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நர்ஸ் வேலை பார்த்தால்தான் திட்டம் முடியும், முடியாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். வேலை கேட்டுப்போன ஓரிடத்தில் சிரித்த முகம் மாறாமல் கதவுவரை கொண்டுவந்து விட்டார்களாம். இன்னோரிடத்தில் இவளை ரொம்பப் பிடித்துப்போய் இரவு வேலை தருகிறோம் என்றார்களாம்.

சாராயம் கலந்த எதுவும் அவள் வாயில் படக்கூடாது என்று தெரிந்ததும் அப்பா வீட்டையே சோதனை போட்டார். வெனிலா எசன்ஸ், இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கிற மருந்து எல்லாம் போயிற்று. என் சென்ட் பாட்டிலையும் தூக்கினார். அதை யாருப்பா குடிப்பா என்று ஜோலீன் கேட்டதற்கு, முன்னெச்சரிக்கை என்றார். இப்போது விடிந்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறார், அந்தச் சத்தத்தில்தான் நாய் சோபாவுக்கு அடியில் போய்விடுகிறது. இத்தனைக்கும் நடுவில் கசகசா யார் நினைவுக்கும் வரவில்லை. அதைத் தின்றாலும் சோதனையில் அபின் மாதிரி காட்டிவிடுமாம். நம் செக்காரர் ஊரில் கசகசா இல்லாமல் ஒரு ஞானஸ்நானம் நடந்திருக்கிறதா?

போன மாதம் முதியோர் இல்லத்தில் நேர்முகம். நடத்துகிறவள் டெலோரஸ் வோண்ட்ரா, சர்ச் விருந்தில் யாருடைய கொலாச்சே பன்னுக்கு வரிசை நிற்குமோ அதே டெலோரஸ். ஜோலீன் உட்கார்ந்து வாய் திறக்குமுன் தட்டு வந்துவிட்டது, அத்தனை பன்னிலும் நடுக்குழியில் கசகசா விழுது. நீ இந்த ஊர்ப் பிள்ளை, தட்டு வந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று உனக்குத் தெரியும். புதுப் பாதிரியார் சர்க்கரை வியாதி என்று மறுத்ததற்கு டெலோரஸ் பாட்டுக்குழுவை விட்டே விலகியவள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஜோலீன் யோசித்தாளாம். இவ்வளவும் பொய்யில்தானே ஆரம்பித்தது என்று தோன்றியதாம். "மிசஸ் வோண்ட்ரா, நான் மாத்திரை திருடினவ. இதைத் தின்னா மறுபடி திருடினேன்னு சோதனை சொல்லும்" என்று சொல்லியே விட்டாள்.

டெலோரஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாளாம். திருட்டைவிட கொலாச்சேதான் அவளைத் தாக்கியிருக்கிறது. அப்புறம் ஒன்றை எடுத்துத் தானே கடித்துக்கொண்டு, "என் கொலாச்சேயை மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொன்னவங்க இந்த ஊர்ல ரெண்டே பேருடி. இன்னொருத்தர் அந்தப் பாதிரியார். சாவி உனக்குக் கிடையாது, ராத்திரி வேலையும் கிடையாது. திங்கக்கிழமை காலைல வந்துடு" என்றாளாம்.

வேலைக்குப் போகிறாள். அவளுக்காக டெலோரஸ் இப்போது வெறும் ஆப்ரிகாட் கொலாச்சேதான் கொண்டுவருகிறாள். அதனால் அங்குள்ள கிழவர்களில் பாதிப்பேர் ஜோலீனோடு பேசுவதில்லை, ரத்த அழுத்தம் பார்க்க மட்டும் கையை நீட்டுகிறார்களாம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சோதனைக்கு அவள் முறை வந்தது. முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சுத்தம் என்று வந்ததும் அப்பா எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடுப்பகலில் வாய் கொப்பளித்தார். வெகுநேரம் கொப்பளித்தார்.

கடவுள் உன்னைக் கண்ணும் கருத்துமாகக் காக்கட்டும். அக்காவுக்கு ஒரு போன் போடு, காலையில் வேண்டாம், போன் அடித்தாலே முகம் வெளுக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் பல்பொடியோடு நிறுத்திக்கொள், மற்றதெல்லாம் வாசலிலேயே அப்பா கையில் சிக்கிவிடும்.

எப்போதும் உன்னை நினைக்கும் அம்மா,
அர்லின்