ஆறாவது கத்தியின் பிடி

உலகப் புகழ் கத்தி உஸ்தாத், என்னைக் கட்டின மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கச்சியைச் சிலாபம் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். பொழுதுபட, மஃரிபுக்கு வந்துவிடுவேன். பாரை மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது.

கத்திப் பிடிகளைத் தொட வேண்டாம். "இது எங்கட மூத்தாப்பா காலத்து ரகசியப் பூச்சு" என்று நேற்று ஓட்டல் மெனேஜரிடம் நெஞ்சை நிமிர்த்தினீர்களே, அந்த ரகசியம் என் குசினித் தேங்காயெண்ணெய். மரத்துக்குப் பூசின லின்சீட் எண்ணெய் காயுமுன் அதற்கு மேல் பளபளப்புக்காக அதைத் தடவினால் ஒருக்காலும் காயாது. காலையில் பார்த்தால் பிடி முழுக்க எறும்பு. பரம்பரை ரகசியம் எறும்புக்கும் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சாண்ட்பேப்பரால் தேய்த்து, திரும்ப லின்சீட் பூசியிருக்கிறேன். இந்தக் கடற்காற்றில் காய மூன்று நாள் வேண்டும்.

மெனேஜர் பின்னேரம் அஸருக்கு வருவார். "இன்னும் காயல்ல, வெள்ளிக்கிழமை வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். மண்ணுக்குள் இருக்கும் மூத்தாப்பாவை எழுப்ப வேண்டாம்.

எண்ணெய்த் துணிகளைக் கொடியில் விரித்திருக்கிறேன். சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும்.

தேங்காயெண்ணெய்ப் போத்தல் பூட்டின அலுமாரியில். திறப்பு என்னிடம்.

கமறியா

பி.கு: அவர் கேட்டது ஐந்து கத்தி. பலகையில் ஆறு இருக்கிறது. சின்னக் கத்தியின் பிடி இடக்கைக்குச் செதுக்கினது. இந்த வீட்டில் இடக்கையால் மீன் வெட்டுகிறவள் நான் ஒருத்திதான். காலையில் நான் ஏசினபோது பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனீர்களே, இதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் இன்னொரு தரம் பூசுவேன். மெனேஜர் வருமுன், பிடியைத் தொடாமல், அதை ஒளித்து வையுங்கள்.