நான் மாற்றிச் சொன்ன சொல்

மச்சாள்,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உன் நீலச் சட்டை கைக்கு வந்தது. நீ போனபின் மாமி எனக்குத் தந்தது. பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வரி. ஊசி பிடிக்கவே பஞ்சிப்படுகிற நீ, உடம்பு வற்ற வற்ற ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று தரம் அதை ஒடுக்கித் தைத்திருக்கிறாய்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒருவரைக் கண்டதும் உடம்பு வைத்திருக்கிறது என்றால், கண்ணேறு போல நாவூறு பட்டுவிடும். ஆனைக்குட்டி மாதிரி எதிரில் நின்றாலும் மெலிந்து போனாய் என்றுதான் கேட்போம். கொக்குவிலில் இருந்து நீர்வேலிக்கு உன்னைப் பார்க்க வரும் ஒவ்வொரு தரமும் நான் உங்கள் படலையடியிலேயே தொடங்குவேன்.

"என்னடி மச்சாள், இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

"ஓம், உன்னை நினைச்சுத்தான் உருகுறன்," என்பாய். அந்த நாளில் சவர்க்காரம் பூசினால்தான் உன் கையில் காப்பு ஏறும். இருவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போவோம்.

பிறகு உனக்குச் சயரோகம் என்று மாமி ஆள் அனுப்பினார். அன்று வண்டில் வழியெல்லாம் என்ன சொல்வது என்றே யோசித்தேன். மெலிவு என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று முடிவு கட்டினேன். நீ வாழைத்தோட்டப் பக்கத்து அறையில் சாய்ந்திருந்தாய். தோளெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. நான் முகம் நிறையச் சிரித்து, "உடம்பு நல்லாத் தேறியிருக்கு மச்சாள்," என்றேன்.

நீ சிரிக்கவில்லை.

"இவ்வளவு காலமும் மெலிஞ்சு போனாய் எண்டுதானே சொல்லுவாய்? இண்டைக்கு ஏன் மாத்திச் சொல்லுறாய்? அப்ப எனக்கு இனிச் சரிவராது, என்ன?"

நான் குனிந்து உன் போர்வையை இழுத்துவிட்டேன். இல்லையென்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் வெளிக்கிடும்போது நீயே, "அடுத்தமுறை வரேக்கை பழையபடி சொல்லு," என்றாய்.

நான் வரவில்லை. மழை, தோட்டவேலை என்று ஒன்றரை மாதம் சாட்டுச் சொன்னேன். உண்மையில் பயம், மச்சாள். உன் முகத்தைப் பார்க்கப் பயம். பிறகு செத்தவீட்டுக்குத்தான் வந்தேன். மெலிந்தது உனக்கு முன்பே தெரியும். எங்கள் பழைய பகிடி ஒன்றைத்தான் என்னிடம் கேட்டாய். அதைக்கூட நான் தரவில்லை. இத்தனை வருடம் போயும் என்னை நான் மன்னிக்கவில்லை.

போன கிழமை என் மகள் நெருப்புக்காய்ச்சலில் ஒரு மாதம் ஆசுபத்திரியில் கிடந்துவிட்டு வீடு வந்தாள். தகப்பன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "பிள்ளை நல்லாத் தேறீட்டாய்," என்றாள். மகளின் கண் உடனே என் முகத்துக்கு ஓடியது.

"தேறினதோ? உவள் மெலிஞ்செல்லோ போனாள்!" என்றேன்.

"அம்மா தொடங்கீட்டா," என்று அவள் சிரித்தாள்.

நான் அடுப்படிக்குள் போய்ச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தச் சிரிப்பு உனக்கு வந்திருக்க வேண்டியது, மச்சாள்.